சிவப்புத் தகரப் பெட்டிக்கு அம்மா சொன்ன வழி

கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைப் படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். அதனால் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியை நீட்டி, "இதில் போட்டால் வழி காட்டிவிடுமே" என்பார்கள். நாமெல்லாம் வாய் கேட்டு வழி போனவர்கள். பெட்டிக்கடைக்காரர் ஒரு பக்கம் கைகாட்டுவார், சைக்கிள்காரர் நேர் எதிர்ப்பக்கம் கைகாட்டுவார், எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. புனேவுக்குப் பக்கத்தில் தாபோடியில் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா ராணுவ ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். காலையில் சங்கு ஊதினால் தெருவே டிபன் டப்பாவோடு ஓடும். வீட்டுக்குள் வடாற்காட்டுத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, மராத்தி. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது. காடு என்றால் புலி சிங்கம் இல்லை. ராணுவ நிலம் என்பதால் யாரும் வெட்டாமல் வளர்ந்த தேக்கும் புளியும் மூங்கிலும். காட்டுக்கு அந்தப் பக்கம் அதிகாரிகளின் பங்களாக்கள். அங்கே ஒரு பங்களாவில் அம்மா சமையல் வேலை செய்தாள். ரோடு வழியாகப் போனால் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். அம்மா காட்டுக்குள் புகுந்து போய்விடுவாள். விடியும்போது கிளம்புவாள், மதியம் புடவை முழுக்கப் புல்விதை ஒட்டிக்கொண்டு வருவாள். அந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பது என் வேலை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் இடது வலது சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் திசைதான். "மேக்கால இருக்கற டப்பாவ எடு", "கொஞ்சம் கெழக்கால தள்ளிப் படு", இப்படித்தான் பேச்சு. அம்மா இந்தி கற்றுக்கொண்டபோதும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டது பூரப், பச்சிம் முதலான நாலு திசைச் சொற்களைத்தான்.

மூன்றாம் வகுப்பில் டீச்சர் சூரியன் எங்கே உதிக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்டதே என்று துள்ளி எழுந்து, "தெற்கில்" என்றேன். ஸ்கேலால் இரண்டு விழுந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கள் வீட்டில் தெற்குச் சன்னலில்தானே தினமும் வெயில் அடிக்கிறது? அம்மா சொல்லித்தானே எனக்குத் திசையே தெரியும்?

அம்மா என் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "நான் கல்யாணம் ஆயி வந்து எறங்கன அன்னிக்கே தெச திரும்பிப்போச்சிடி. இருட்டுல ரயில உட்டு எறங்கனேன். விடிஞ்சி பாக்கறேன், தெக்கால இருந்து சூரியன் ஏறி வருது. சரி, இந்த ஊர்ல இப்டிதான் போலன்னு உட்டுட்டேன். அவுங்க தெக்கு அவுங்களுக்கு, நம்ம தெக்கு நமக்கு. பரீட்சையில மட்டும் அவுங்க சொல்றத எழுது."

அன்று முதல் எனக்கு இரண்டு திசைக் கணக்கு. அம்மா ஒரு திசை சொன்னால் மனசுக்குள் இடக்கைப் பக்கம் ஒரு தடவை திரும்பிக்கொள்வேன், டீச்சரின் திசை கிடைத்துவிடும். அம்மாவின் தெற்கு டீச்சரின் கிழக்கு. அம்மாவின் கிழக்கு டீச்சரின் வடக்கு. அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் அவர் பேசியதே கொஞ்சம், கேட்டது அதைவிடக் கொஞ்சம்.

அந்தத் தீபாவளி விடுமுறையில் மேம்சாப் ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்தார். அம்மா வேலை செய்த பங்களாவின் அம்மையாரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் வெளிநாட்டில் இருந்தபோது பார்த்த விளையாட்டாம். காட்டுக்குள் ஒரு தபால் பெட்டியை ஒளித்து வைப்பார்கள். வழிக்குப் புதிர்ப் பாட்டு எழுதித் தருவார்கள். பிள்ளைகள் பாட்டைப் படித்துப் படித்து நடந்து போய்ப் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பெட்டியை நான் பங்களாவின் பின்வாசலில் பார்த்தேன். பிஸ்கட் டின்தான். மேம்சாப் அதற்குத் தன் கையால் சிவப்பு எனாமல் அடித்து, மூடியில் கடிதம் போடும் அளவுக்கு ஒரு வாய் வெட்டியிருந்தார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. உள்ளே ஒரு நோட்டு, ரப்பரில் மயில் செதுக்கிய ஒரு முத்திரை, அவருடைய அப்பாவின் தங்க நிப் பேனா. முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை அந்தப் பேனாவால் நோட்டில் பெயர் எழுதி, மயில் முத்திரை குத்த வேண்டும். பேனாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேம்சாப்பிடம் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த முத்திரையைத் தொட்டுப் பார்க்கக் கை அரித்தது. தொடவில்லை. அது அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கான விளையாட்டு.

ஒளித்து வைக்க வேண்டிய மேம்சாப்புக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. காட்டில் தினமும் நடக்கிறவள் அம்மாதான். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி அம்மா கையில் வந்தது. அம்மா போய் வைத்துவிட்டு வந்து, தனக்குத் தெரிந்த இந்தியில் வழி சொன்னாள். மேம்சாப் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் பாட்டுக் கட்டினார்.

அன்று சாயங்காலமே தந்தி வந்தது. ஊரில் அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. விஷ்ராந்த்வாடியிலிருந்து பெரியப்பா வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிடைத்த ரயிலில் ஏறினார். அம்மா தலையைக்கூட முடியாமல் போனாள். மேம்சாப்புக்கு அடுத்த வீட்டுப் பெண் மூலமாகச் செய்தி போனது.

மறுநாள் சனிக்கிழமை விளையாட்டு நடந்தது. பதினைந்து பிள்ளைகளும் நாலைந்து பெரியவர்களும் காலையிலிருந்து மதியம் வரை காட்டைச் சல்லடை போட்டார்கள். பெட்டி கிடைக்கவில்லை.

சாயங்காலம் மேம்சாப் வீட்டில் எடுபிடி வேலை பார்க்கும் ஆர்டர்லி சைக்கிளில் வந்து அப்பாவைக் கூப்பிட்டார். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாமல் அப்பா என்னையும் கூட்டிப்போனார். மேம்சாப் கட்டுப் போட்ட காலை முக்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"எனக்கு உன் வீட்டுக்காரி மேல் கோபம் இல்லை" என்றார் இந்தியில். "அப்பா இறந்த வீட்டுக்குப் போகிறாள், செலவு இருக்கும். தங்க நிப் என்று நான்தான் வாய் விட்டுச் சொன்னேன். அவள் வந்ததும் பேனாவைத் திருப்பி வைத்துவிடட்டும். நான் ஆபீசில் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் இனிமேல் வேலைக்கு வர வேண்டாம்."

அப்பா கை கட்டி நின்றார். "மேம்சாப், அவ அப்படிப்பட்டவ இல்ல" என்று ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு தடவையும் குரல் எழவில்லை.

மேம்சாப் புதிர்ப் பாட்டு எழுதிய தாளை மேசையில் போட்டார். "அவள் சொன்ன வழிதான் இது. நீயே பார்." அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நான் எட்டிப் படித்தேன். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. சின்னப் பாலத்தில் நின்று கிழக்கே நட, இரட்டையர் தோள் சேர்த்து நிற்பார்கள். அங்கிருந்து தெற்கே, ஆள் உயரத்துக்கு ஒரு மண் வீடு. மறுபடியும் கிழக்கே, தண்ணீர் பேசும் இடம் வரை. அங்கே ஏழு கற்கள் காவல் இருக்கும்.

இரண்டாவது முறை படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கிழக்கு, தெற்கு, கிழக்கு. யாருடைய கிழக்கு?

"மேம்சாப்" என்று ஆரம்பித்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். "பெரியவங்க பேசறப்போ வாய மூடு." வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். "ப்பா, அம்மா கெழக்குன்னு சொன்னா அது வடக்குப்பா." அப்பா காதில் ஏறவில்லை. "சும்மா வா, புள்ள. எனக்குத் தலையே சுத்துது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டவ் பற்றவைக்க மண்ணெண்ணெய் எடுத்து வரச் சொன்னார். எடுத்துக்கொண்டு திரும்பினால், அப்பா அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அம்மா தன் சில்லறையையும் மூக்குத்தியையும் ஒளித்து வைக்கிற இடம் அது. என்னைப் பார்த்ததும் ஒரு படி அரிசியை அள்ளினார், சோறு வடிக்கப் போகிறவர் மாதிரி. உலை வைக்கவே இல்லை. அன்று எங்களுக்குப் பாவ் ரொட்டியும் டீயும்தான்.

மேம்சாப் சொன்னது அவ்வளவாக வலிக்கவில்லை. அப்பாவின் கையில் ஒட்டியிருந்த அந்த அரிசி மாவுதான் வலித்தது. இன்றைக்கு யோசித்தால் அப்பா பாவம் என்றும் தோன்றுகிறது. குவார்ட்டர்ஸ் போய்விடுமோ என்ற பயம், ஊரில் தலைகுனிவு. ஆனால் பத்து வயதில் அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் அம்மாவை நம்புகிற ஆள் நான் ஒருத்திதான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் அப்பா பல் துலக்கப் போன நேரம் பார்த்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தேன். நவம்பர் மாதத்துப் புனே குளிர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு நுனி மரத்துப் போகும். தேக்கு இலை ஒவ்வொன்றிலும் பனி கோத்திருந்தது. மரத்துக்கு மரம் சிலந்தி வலை, எல்லாம் ஈரம். ஓடையின் மேல் இருந்த சின்னப் பாலத்தில் போய் நின்றேன். சூரியன் அப்போதுதான் இலைகளுக்கு நடுவில் கிளம்பியது. அது டீச்சரின் கிழக்கு. நேற்று எல்லாரும் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார்கள், புல் மிதிபட்டு ஒரு பாதையே விழுந்திருந்தது. நான் கண்ணை மூடி, இடக்கைப் பக்கம் ஒரு தடவை திரும்பினேன்.

அந்தப் பக்கம் யாரும் போன தடம் இல்லை. கூர்ந்து பார்த்தால் ஒற்றையடித் தடம் ஒன்று மட்டும், ஒரே ஒரு ஆள் நடந்து நடந்து உண்டான தடம்.

பத்தடி போவதற்குள் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். அப்பா, வாயில் பல்பொடி நுரையோடு. "அறிவிருக்குதா ஒனக்கு? பாம்பு கீம்பு இருக்கும்."

"அம்மா தெனமும் வர்றால்ல?"

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

முதலில் கண்ணில் பட்டது புளியமரம். ஒரே அடியிலிருந்து இரண்டு மரமாகப் பிரிந்து, மறுபடி தோள் உரசிக்கொண்டு நின்றது. நான் கத்திவிட்டேன். அப்பா அண்ணாந்து பார்த்தார். "சரி, எல்லாக் காட்லயும் ஒரு புளியமரம் இருக்கும்" என்றார். ஆனால் குரல் மாறியிருந்தது.

அங்கிருந்து அம்மாவின் தெற்கு. அதாவது சூரியனைப் பார்த்து நேராக. கண் கூசியது. புல் என் மார்பு வரை வளர்ந்து பழுத்துக் கிடந்தது. ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. புல் விலகிய இடத்தில் செம்மண் புற்று, அப்பாவின் உயரத்துக்கு, கோபுரம் கோபுரமாக. அதன் மேல் ஒரு மயில் நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் பறக்கவில்லை. மெதுவாக இறங்கி, தோகையைப் புல்லில் இழுத்துக்கொண்டு நடந்து போனது. நானும் அப்பாவும் அது மறையும் வரை அசையவில்லை. என் வாழ்க்கையில் பெரிய பெரிய கோயில்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். அந்தக் காலையில் அங்கே நின்றபோது உடம்பில் ஓடியது எந்தக் கோயிலிலும் ஓடியதில்லை.

"உங்கம்மா தெனமும் இந்த வழியாவா வரா?" என்று அப்பா கேட்டார். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறார்.

மறுபடி அம்மாவின் கிழக்கு. மூங்கில் ஒன்றோடொன்று உரசி முனகிற சத்தம், அதற்குள் தண்ணீர்ச் சத்தம். ஓடை அங்கே ஒரு பாறையில் சரிந்து விழுந்தது. மூங்கில் புதருக்கு அடியில் பெருக்கிச் சுத்தம் செய்த ஒரு பாய் அளவு இடம். அங்கே ஏழு கற்கள், வரிசையாக. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காய்ந்த செவந்திப் பூ. கற்பூரம் எரிந்த கறுப்பு.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். "கன்னிமாரு" என்றார், மூச்சுக்குள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் ஏழு கன்னிமார். அம்மா அவர்களைக் கூப்பிட்டு வந்து தாபோடிக் காட்டில் உட்கார வைத்திருக்கிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்பா குனிந்து கற்களைப் பார்த்தார், நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார், மறுபடி கற்களைப் பார்த்தார். "கன்னிமார கெழக்கப் பாத்துதான் வெப்பாங்க. இவ இன்னா வடக்கப் பாத்து..." என்றவர் பாதியில் நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "நேத்து நீ சொன்னியே" என்றார்.

கற்களுக்குப் பின்னால், மூங்கில் வேரின் இடுக்கில், தேக்கு இலை போர்த்தி வைத்திருந்தது பெட்டி. இலையை நான்தான் எடுத்தேன். அந்தப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அப்படி ஒரு சிவப்பு. பத்திரமான இடம் என்று அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அரிசிக்குள் துழாவிய தன் வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே அழுதார். எனக்குக் கோபம் போய்விட்டது.

நான் பெட்டியைத் தூக்கப் போனபோது தடுத்தார். "தொடாத. நாம எடுத்துக்கினு போனா, வீட்ல இருந்து எடுத்தாந்தோம்னு சொல்லுவாங்க. மேம்சாப் வந்து தன் கண்ணால பாக்கட்டும்." என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு ஓடினார்.

தனியாக இருந்தேன். பயமே இல்லை. ஏழு பேர் கூட இருக்கிற மாதிரி இருந்தது.

மேம்சாப் ஆர்டர்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தத்தித் தத்தி, அவ்வளவு தூரம் வந்தார். புடவையெல்லாம் புல்விதை. கற்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மூடியைத் திறந்ததும் பேனா அவர் வைத்தபடியே நோட்டின் மேல் கிடந்தது. நான் திசைக் கணக்கைச் சொன்னேன். என் இந்தி தடுமாறியது, நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிக் காட்டினேன். மேம்சாப் தன் பாட்டுத் தாளை எடுத்து, என்னோடு சேர்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றினார், கட்டுப் போட்ட காலோடு.

"நான் பெரிய தப்பு செய்துவிட்டேன்" என்றார் அப்பாவிடம். "அவள் வந்ததும் மன்னிப்புக் கேட்கிறேன்."

"வேண்டாம் மேம்சாப்" என்றேன் நான். பெரியவர்கள் பேச்சில் தலையிட்டதற்கு இந்த முறை அப்பா தோளை அழுத்தவில்லை. "திருடின்னு சொன்னதும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். திசை தப்புன்னும் யாரும் சொல்ல வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்" என்றார் மேம்சாப். பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதி, மயில் முத்திரை குத்தினேன். அந்த நோட்டு எங்கே போயிற்றோ தெரியாது. அடுத்த வருஷம் அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து பதினெட்டாம் நாள் அம்மா வந்தாள். இளைத்திருந்தாள். மேம்சாப் பழக்கூடையோடு எங்கள் வரிசை வீட்டுக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சொல்ல மாட்டேன் என்ற சொல்லைக் காப்பாற்றினார். அப்பா சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே எழுந்து, அம்மாவோடு காட்டு முனை வரை நடக்க ஆரம்பித்தார். "இன்னாடி, இந்த ஆளு பின்னாலயே வராரு, ஊருக்குப் போய் வர்றதுக்குள்ள இன்னா ஆச்சி இவுருக்கு?" என்று அம்மா என்னிடம் சிரித்தாள்.

வந்த மறுநாள் சாயங்காலம் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

"ரயில்ல அழுதுக்கினே போறேன், நடுவுல இதும் மனசுல ஓடுது" என்றாள். "மேம்சாப்புக்கு வழி சொன்னனே. நம்ம கெழக்கு சொன்னனா, அவுங்க கெழக்கு சொன்னனா? இன்னாடி ஆச்சி, பெட்டி கெடச்சிதா?"

"கெடச்சிதும்மா. நான்தான் கண்டுபுடிச்சேன்."

"நீயா? எப்டி?"

"நீ சொன்ன வழியிலியே போனேன். அங்கியே இருந்திச்சி."

அம்மாவின் மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. சீப்பு மறுபடியும் நகர்ந்தது.

"அப்போ நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.